குளிர்கால நிம்ஃப் தூண்டிலுக்கு ஏற்ற சைட்டர் நரம்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆற்றின் அடியில் வாழும் பூச்சிகளின் இளம்பருவத்தைப் போல முள்ளில் நூல் சுற்றிக் கட்டப்படும் சிறிய போலி இரைக்கு நிம்ஃப் என்று பெயர். ட்ரவுட், கிரேலிங் போன்ற குளிர்நீர் மீன்கள் அதை நீருக்கடியில் வாங்குவதைக் கண்ணால் பார்க்க முடியாது. எனவே தூண்டில் நரம்பின் ஒரு பகுதியைப் பளிச்சிடும் வண்ண நரம்பாக வைத்துக்கொண்டு, அதன் அசைவிலிருந்து மீன் கொத்தியதை அறிகிறார்கள். சைட்டர் எனப்படுவது அந்த வண்ணப் பகுதிதான். வேல்ஸின் டீ ஆற்றில் குளிர்காலத்தில் கிரேலிங் பிடிப்பவர்களையும், அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் நவஹோ அணைக்குக் கீழே சான் ஹுவான் ஆற்றில் ட்ரவுட் பிடிப்பவர்களையும் மனத்தில் வைத்து இந்த விடைகள் எழுதப்பட்டிருக்கின்றன.

கோடையில் பயன்படுத்திய சைட்டரையே குளிர்காலத்திலும் வைத்துக்கொள்ளலாமா?

வைத்துக்கொள்ளலாம், ஆனால் பல கொத்துகள் உங்களுக்குத் தெரியாமலே போய்விடும். மீனின் உடல் வெப்பம் நீரின் வெப்பத்தையே பின்பற்றுவதால், நீர் 5 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்கும்போது அதன் செரிமானமும் அசைவும் மந்தமாகிவிடுகின்றன. கோடையில் ஒரு முழம் தள்ளிப் போகும் நிம்ஃபைக்கூடத் துரத்திப் பிடித்துச் சட்டென்று திரும்பும் அதே மீன், ஜனவரியில் ஆழமான, மெதுவான நீரின் அடியில் ஒட்டிக் கிடந்து, வாய்க்கு நேரே வருவதை மட்டும் வாங்கிக்கொள்கிறது. வாங்கிய பிறகும் இடத்தை விட்டு நகர்வதில்லை. ஆகவே நரம்பில் இழுப்பு என்று எதுவும் வராது. ஓடிக்கொண்டிருந்த நரம்பு ஒரு கணம் நிற்கும், அவ்வளவுதான்.

இரையின் அளவும் சுருங்குகிறது. நவஹோ அணையின் ஆழத்திலிருந்து திறந்துவிடப்படும் நீர் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 5 முதல் 7 டிகிரியிலேயே இருப்பதால் சான் ஹுவான் உறைவதில்லை. ஆனால் குளிர்காலத்தில் அங்கே மீன்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் மிட்ஜ் எனப்படும், கொசுவை ஒத்த, கடிக்காத நுண்பூச்சிகள்தாம். அவற்றுக்கு ஈடாக 22 முதல் 26 வரையிலான எண்களில் மிகச் சிறிய முட்கள் கட்டப்படுகின்றன. அவ்வளவு இலேசான நிம்ஃபைத் தடித்த சைட்டர் தன் எடையாலேயே இழுத்து இடம் மாற்றிவிடும். குளிர்காலச் சைட்டரைத் தேர்ந்தெடுப்பதில் உள்ள சிக்கல் எல்லாம், நன்றாகத் தெரிய வேண்டும் என்பதற்கும் இலேசாக இருக்க வேண்டும் என்பதற்கும் இடையிலான இழுபறியே.

சைட்டர் நல்லதா, மிதக்கும் தக்கை நல்லதா?

மீன் 7 அல்லது 8 மீட்டர் தூரத்துக்குள் இருந்து, அவ்வளவு அருகில் அது மிரளாமல் நீங்கள் நிற்க முடிந்தால், சைட்டர்தான் நல்லது. நரம்பு கோலின் நுனியிலிருந்து நிம்ஃப் வரை கிட்டத்தட்ட நேராக இருப்பதால் மிகச் சிறிய நிறுத்தமும் உடனே தெரியும். அதைவிடத் தூரமாகவோ, காற்று பலமாகவோ, மடு அகலமாகவோ இருந்தால் தக்கைக்குப் போய்விடுங்கள். அதில் மானக்குறைவு ஒன்றும் இல்லை. கம்பளி நூலால் செய்த தக்கை மிக நுட்பமாகக் காட்டக்கூடியதுதான், ஆனால் உறைபனிக் காலையில் அது நீரை உறிஞ்சிக்கொண்டு, காற்றில் வீசும் ஒவ்வொரு முறையும் சற்றே உறைந்து, அரை மணி நேரத்தில் பனிக்கட்டி உருண்டையாகிவிடும். அத்தகைய நாளில் உள்ளீடற்ற பிளாஸ்டிக் குமிழோ நுரைத் தக்கையோ பாதுகாப்பானது.

எவ்வளவு தடிமனான நரம்பை வாங்க வேண்டும்?

எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி இதுதான் என்பது என் கருத்து. நிறத்தைப் பற்றி வாதிடும் நேரத்தில் பாதியைத் தடிமனுக்குக் கொடுத்தால் அதிக மீன் கிடைக்கும்.

கடைகளில் நரம்பின் தடிமன் எக்ஸ் என்ற எண்ணால் குறிக்கப்படுகிறது. 11-இலிருந்து அந்த எண்ணைக் கழித்தால் வருவது, அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்ற அளவு. 4எக்ஸ் என்றால் ஆயிரத்தில் 7 பங்கு, அதாவது 0.18 மி.மீ.; 3எக்ஸ் 0.20 மி.மீ.; 0எக்ஸ் 0.28 மி.மீ.

இனி எடையைப் பார்ப்போம். 0.28 மி.மீ. நைலான் நரம்பு மீட்டருக்கு ஏறத்தாழ 0.07 கிராம் இருக்கும், 0.18 மி.மீ. நரம்போ 0.03 கிராம்தான். கோலின் நுனிக்கும் நீர்மட்டத்துக்கும் இடையில் 4 மீட்டர் நரம்பு தொங்குகிறது என்று வைத்துக்கொண்டால், முதலாவது 0.28 கிராமும் இரண்டாவது 0.12 கிராமும் ஆகின்றன. நிம்ஃப் அமிழ்வதற்காக முள்ளில் கோத்துக் குளிர்காலத்தில் நாம் கட்டும் 2.5 மி.மீ. டங்ஸ்டன் உலோக மணியின் எடையே சுமார் 0.1 கிராம்தான் என்பதை இதனோடு ஒப்பிட்டால் நிலைமை விளங்கும். தடித்த நரம்பு நடுவில் தொய்ந்து, அந்தத் தொய்வின் எடையால் நிம்ஃபை மீன் இருக்கும் ஓட்டத்திலிருந்து உங்கள் பக்கமாகவும் மேல்நோக்கியும் இழுக்கிறது. சோம்பிக் கிடக்கும் மீன் அதைத் துரத்தி வரப்போவதில்லை. நரம்புக்குப் பின்னால் உள்ள ஃப்ளை லைன், அதாவது ரீலில் இருந்து வரும் தடித்த வீச்சுக் கயிறு, இதைவிடப் பல மடங்கு கனமானது. 4-ஆம் எண் லைனின் முதல் 9 மீட்டர் மட்டும் ஏறத்தாழ 7.8 கிராம் இருக்கும் என்பதால், அது கோலின் நுனிக்கு வெளியே வராமல் இருக்குமளவுக்கு லீடரை, அதாவது ஃப்ளை லைனின் முனையில் கட்டும் மெல்லிய நரம்பை, நீளமாக வைத்துக்கொள்வது வழக்கம்.

ஒரே ஒரு சுருள்தான் வாங்க முடியும் என்றால் 3எக்ஸ் வாங்குங்கள். மணி 2.5 மி.மீ. அல்லது அதற்கும் சிறியது என்றால் 4எக்ஸ் இன்னும் நன்றாகத் தொய்வைக் குறைக்கும். காற்றும், 3.5 மி.மீ.க்கு மேற்பட்ட கனமான மணியும் சேர்ந்தால் 2எக்ஸ் சரி. 5எக்ஸ் சைட்டரைப் புகழ்பவர்கள் இருக்கிறார்கள். மேகமூட்டமான மாலை 4 மணிக்கு அதைக் கண்டுபிடிக்கும் கண்கள் அவர்களுக்கு வாய்த்திருக்கின்றன என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். எந்தத் தடிமனானாலும், சைட்டர் அதற்குக் கீழே கட்டும் நுனி நரம்பைவிட ஒரு படியாவது தடித்திருக்க வேண்டும். முள் பாறையில் சிக்கினால் நுனி நரம்பு அறுந்து, சைட்டர் கைக்குத் திரும்பி வர வேண்டும் அல்லவா?

சைட்டர் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்? நீருக்கு எவ்வளவு மேலே நிற்க வேண்டும்?

40 முதல் 60 செ.மீ. நீளம் போதும். அதன் கீழ்நுனி நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, கையளவு உயரத்தில் நிற்க வேண்டும். அதற்குக் கீழே கட்டும் நுனி நரம்பை ஆற்றின் ஆழத்தைவிட ஏறக்குறைய கால் பங்கு கூடுதலாக வைத்துக்கொண்டு, மடுவுக்கு மடு மாற்றிக் கட்டுங்கள்.

குளிர்காலத்தில் நுனி நரம்பு மெல்லியதாக இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 20 டிகிரி நீரைவிட 5 டிகிரி நீரின் பாகுத்தன்மை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. மெல்லிய நரம்பின் மீதான நீரின் பிடிப்பு அந்தப் பாகுத்தன்மையைச் சார்ந்தது என்பதால், கோடையில் அடியைத் தொட்ட அதே நிம்ஃப் குளிர்காலத்தில் சற்றுத் தாமதமாகவே இறங்கும். மணியைக் கனமாக்குவதற்கு முன்பு நரம்பை ஒரு படி மெல்லியதாக்கிப் பாருங்கள்.

எந்த நிறம் நன்றாகத் தெரியும்?

நரம்புக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கரும்பாறையும் மரநிழலும் பின்னணியாக இருந்தால் ஒளிரும் மஞ்சளோ இளம்பச்சையோ தனித்துத் தெரியும். வானத்தின் வெள்ளை ஒளி நீரில் பளபளக்கும்போதும், கரையில் பனி மூடியிருக்கும்போதும் அதே மஞ்சள் கரைந்து மறைந்துவிடும். அப்போது கண்ணுக்கு அகப்படுவது கறுப்புதான். வண்ண நரம்பு வாங்கப் போனவருக்குக் கறுப்பை எடுத்துக்கொடுத்தால் ஏமாற்றுவதாக நினைப்பார். ஆனால் வெண்ணிறப் பளபளப்புக்கு எதிரே அதைவிடத் தெளிவான கோட்டை வேறு எந்த நிறமும் தருவதில்லை.

ஆகவே ஒற்றை நிறத்தைவிட, இரண்டு மூன்று நிறங்கள் மாறி மாறி வரும் நரம்பே குளிர்காலத்துக்குப் பொருத்தம். ரியோ, கார்ட்லேண்ட் போன்ற நிறுவனங்கள் இத்தகைய பல வண்ண நரம்புகளை விற்கின்றன. அவை கிடைக்காத இடங்களில் ஸ்ட்ரென் பொன்னிற நரம்பையும் சிவப்பு அம்னீசியா நரம்பையும் முடிச்சிட்டுச் சேர்த்துக்கொள்ளும் பழைய வழக்கம் இன்றும் நன்றாகவே வேலை செய்கிறது. நிறங்கள் மாறும் இடம் கண்ணுக்கு ஒரு புள்ளியைத் தருகிறது. முழு நரம்பையும் பார்த்துக்கொண்டிருப்பதைவிட அந்தப் புள்ளி நிற்கிறதா, ஓடுகிறதா என்று பார்ப்பது எளிது. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 8 சதவீதத்தினருக்குச் சிவப்பும் பச்சையும் சரியாகப் பிரிந்து தெரிவதில்லை. அத்தகையவர்களுக்கு ஆரஞ்சும் பச்சையும் கலந்த சைட்டர் பயன்படாது. மஞ்சளும் கறுப்பும் சேர்ந்ததை வாங்க வேண்டும்.

கண்ணாடியையும் மறக்கக் கூடாது. கோடைக்கான அடர்சாம்பல் நிறப் போலராய்டு கண்ணாடி, குளிர்காலத்தின் மங்கிய ஒளியில் சைட்டரையும் சேர்த்து மறைத்துவிடும். மஞ்சள் அல்லது இளந்தேன் நிறக் கண்ணாடி மேல்.

நைலானா, ஃப்ளூரோகார்பனா?

சைட்டருக்கு நைலான், நுனி நரம்புக்கு ஃப்ளூரோகார்பன். நைலானின் அடர்த்தி ஏறத்தாழ 1.14, ஃப்ளூரோகார்பனுடையது 1.78. ஆகவே அதே தடிமனில் ஃப்ளூரோகார்பன் ஒன்றரை மடங்குக்கும் மேல் கனமானது. காற்றில் தொங்க வேண்டிய பகுதிக்கு அந்தக் கனம் பகை. மூழ்க வேண்டிய பகுதிக்கு அதுவே துணை.

குளிரில் நரம்பு சுருண்டு சுருண்டு நிற்கிறது. என்ன செய்வது?

ரீலில் சுற்றிக் கிடந்த வடிவத்தை நைலான் குளிரில் விடாமல் பிடித்துக்கொள்ளும். சுருண்ட சைட்டரில் சிறிய கொத்து எதுவும் தெரியாது; மீன் இழுக்கும் முதல் இரண்டு மூன்று செ.மீ. சுருளை நேராக்குவதிலேயே வீணாகிவிடும். சைட்டரை இரண்டு கைகளுக்கும் இடையில் பிடித்து, மெதுவாக இழுத்து, ஐந்தாறு நொடி அப்படியே வைத்திருங்கள். ரப்பர் துண்டால் வேகமாகத் தேய்த்துச் சூடாக்கும் பழக்கம் வேண்டாம், அந்தச் சூடு நரம்பின் வலுவைக் குறைக்கும். விட்டம் பெரிய ரீலில் சுற்றி வைத்தால் சுருளும் குறையும்.

வேண்டுமென்றே சுருட்டிய சைட்டர் ஒன்று உண்டாமே?

உண்டு. மெதுவாக ஓடும் ஆழமான மடுவில் அது தரும் பலனை நேரான நரம்பு தருவதில்லை. ஸ்பிரிங் போல நெருக்கமாகச் சுருட்டிய வண்ண நரம்பு அது. மேலே சொன்ன தொல்லை தரும் சுருள் அகலமானது, ஒழுங்கற்றது. இதுவோ மிகச் சிறிய, சீரான வளையங்களால் ஆனது. மீன் நிம்ஃபை வாயில் வாங்கியதும் வளையங்களுக்கு இடையிலான இடைவெளி விரிவதைக் கண்ணால் பார்க்கலாம். அதோடு, சுருள் இளகிக்கொடுப்பதால் மீனுக்கு முரட்டுத்தனமான எதிர்ப்பு தெரிவதில்லை. அது நிம்ஃபை இன்னும் ஒரு கணம் கூடுதலாக வாயில் வைத்திருக்கிறது.

வீட்டிலேயே செய்துகொள்ளலாம். 2எக்ஸ் வண்ண நைலான் 60 செ.மீ. எடுத்து, சுமார் 3 மி.மீ. தடிமனுள்ள வழுவழுப்பான இரும்புக் கம்பியிலோ நீண்ட ஆணியிலோ ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி விடாமல் சுற்றுங்கள். இரு முனைகளிலும் ஒரு சாண் நரம்பை நேராக விட்டு, சுற்று அவிழாதபடி கட்டுங்கள். கொதிக்கும் நீரில் ஐந்து நிமிடம் போட்டு எடுத்து, கம்பியோடு அப்படியே ஃப்ரீசரில் ஓர் இரவு வையுங்கள். சூட்டில் நெகிழ்ந்த நைலான் குளிரும்போது அந்த வடிவத்திலேயே நின்றுவிடும். காலையில் கம்பியை உருவிவிட்டு, இரு முனைகளையும் பிடித்துச் சற்று வலுவாக இழுத்து விடுங்கள். விட்டதும் சுருள் பழையபடி கூடினால் சரியாக வந்திருக்கிறது. கொதிக்க வைப்பதால் நரம்பு கொஞ்சம் வலுவிழக்கும் என்பதால்தான் 2எக்ஸ் சொன்னேன்.

ஆற்றங்கரையில் அதன் மேல் மிதவைப் பசையை விரல் நுனியால் தடவுங்கள். பசை வளையங்களுக்கு இடையில் போவது நல்லது, கட்டியாக அடைத்துக்கொள்வதுதான் கூடாது. அப்போது அது நீர்மட்டத்தில் மிதந்தும் வேலை செய்யும். கோலை உயர்த்திப் பிடித்து மரத்துப்போன கைக்கு அது ஓர் ஆறுதல். குறை என்னவென்றால், 3 மி.மீ.க்கு மேற்பட்ட மணி சுருளை முன்கூட்டியே இழுத்து நேராக்கிவிடும், வேகமான நீரோட்டமும் அதையே செய்யும். விசையோடு வீசினால் நுனி நரம்பைச் சுற்றிக்கொள்ளும். ஆகவே தாழ்வாக, மெல்லத் தூக்கிப் போடும் இடங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கோலின் வளையங்களில் பனிக்கட்டி அடைத்துக்கொள்கிறதே?

நரம்பு ஈரத்தோடு வளையத்தின் ஊடே உள்ளே வரும்போது அந்த ஈரம் உறைகிறது. அடைப்பை விரலால் உடைத்து எடுக்க முயன்றால் வளையத்தின் கால் பிய்ந்துவரும், சில சமயம் கோலின் நுனியும் ஒடியும். நுனியை நீருக்குள் சில நொடி அமிழ்த்துங்கள். நீர் 5 டிகிரியில் இருந்தால்கூட அது பனிக்கட்டிக்கு வெந்நீர்தான். வளையங்களில் உதட்டுப் பசையையோ சமையல் எண்ணெயையோ இலேசாகத் தடவுவது கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். நல்ல வழி, நரம்பை உள்ளே வாங்காமலே தூண்டில் போடுவது: லீடரின் நீளத்தை ஒருமுறை நிர்ணயித்துவிட்டு, தூரத்தை முன்னும் பின்னும் நடந்து சரிசெய்யுங்கள். ஃப்ளை லைனைவிட மெல்லிய வழுவழுப்பான நரம்பு குறைந்த நீரையே ஏந்திவரும் என்பது இந்த முறைக்குக் கிடைக்கும் கூடுதல் இலாபம்.

மீன் கொத்தியதை எப்படித் தெரிந்துகொள்வது?

நரம்பு நீரோட்டத்தைவிடச் சற்று மெதுவாக நகர வேண்டும், ஏனெனில் அடிநீர் மேல்நீரைவிட மெதுவாக ஓடுகிறது. மேலே மிதக்கும் நுரைக் குமிழ் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, சைட்டரை அதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். குமிழ் சீராக முந்திச் செல்கிறது என்றால் நிம்ஃப் அடியில் இருக்கிறது. இப்போது சைட்டர் நிற்கிறதா, தாழ்கிறதா, பக்கவாட்டில் ஒரு விரல்கடை விலகுகிறதா என்று கவனியுங்கள். நிறைய பேர் கவனிக்கத் தவறுவது இன்னொன்றும் உண்டு: இறுகியிருந்த நரம்பு திடீரென்று தளர்வது. நிம்ஃபை வாங்கிய மீன் சற்று மேலெழும்பினால் அப்படித்தான் நடக்கும். இழுப்பை மட்டும் எதிர்பார்த்து நிற்பவர் அதைக் காற்று என்று நினைத்துக்கொள்வார்.

சந்தேகம் வந்தால் மணிக்கட்டைக் கையளவு உயர்த்துங்கள், அதற்கு மேல் சுண்ட வேண்டாம். கல்லில் தட்டியதாக இருந்தாலும் நிம்ஃப் சற்றே எழும்பி மறுபடி இறங்கும், நட்டம் ஏதுமில்லை. குறிப்பாகக் கிரேலிங் நிம்ஃபை வாங்கிய வேகத்திலேயே துப்பிவிடும் மீன். அது குளிர்காலத்தில் ஆழமான மடுக்களில் கூட்டமாகச் சேர்வதால், ஒரே இடத்தில் சைட்டர் இரண்டு முறை நின்றால் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள்.

விரல்கள் மரத்துப்போன நிலையில் முடிச்சு எப்படிப் போடுவது?

ஆற்றங்கரையில் போட வேண்டிய முடிச்சுகளை வீட்டிலேயே குறைத்துக்கொள்ளுங்கள். சைட்டரை லீடரோடு இரத்த முடிச்சால் (இரு நரம்புகளை இணைக்கும் ‘பிளட் நாட்’) முதல் நாளே இணைத்துவிட்டு, அதன் கீழ்நுனியில் 2 மி.மீ. உலோக வளையம் ஒன்றைக் கட்டிவிடுங்கள். நிம்ஃப் கட்டிய நுனி நரம்புகள் சிலவற்றை அட்டையில் சுற்றி எடுத்துப் போனால், வளையத்தில் ஒரே ஒரு முடிச்சு போட்டால் போதும். எந்த முடிச்சையும் இறுக்குவதற்கு முன் எச்சிலால் நனையுங்கள்.

போட்டிகளில் சைட்டருக்கு அனுமதி உண்டா?

உண்டு. உலகப் போட்டிகளை நடத்தும் ஃபிப்ஸ்-மூஷ் அமைப்பின் விதிகள் தக்கையைத் தடை செய்கின்றன, நரம்பின் நிறத்தை அல்ல. லீடரின் நீளம் கோலின் நீளத்தைப் போல இரு மடங்குக்கு மேல் போகக் கூடாது. போட்டிகளைப் பற்றிய கவலை இல்லாதவர்களும் அறிய வேண்டிய விதி ஒன்று: இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆற்றுக் கிரேலிங் பருவம் மார்ச் 14-உடன் முடிந்து ஜூன் 16-இல்தான் மறுபடி தொடங்குகிறது.

நீலகிரியில் ட்ரவுட் பிடிப்பவர்களுக்கு இது பொருந்துமா?

ஓரளவு பொருந்தும். அவலாஞ்சியில் 1907-இல் குஞ்சு பொரிப்பகம் அமைக்கப்பட்டதிலிருந்து அந்த மலையோடைகளில் வானவில் ட்ரவுட் இருக்கிறது. டிசம்பர், ஜனவரி மாதங்களின் உறைபனிக் காலைகளில் நீர் நன்றாகவே குளிர்ந்தாலும் ஓடைகள் உறைவதில்லை. அங்கே வளையத்தில் பனி அடைப்பது பெரிய பிரச்சினை அல்ல. சோலை நிழலின் இருட்டுக்கு ஒளிரும் மஞ்சள் போதும், கறுப்பு தேவைப்படாது. உரிய அரசுத் துறையின் அனுமதியைப் பெற்ற பிறகே தூண்டிலை எடுக்க வேண்டும்.

சைட்டரை எப்போது மாற்ற வேண்டும்?

ஒளிரும் சாயம் வெயிலில் வெளுக்கும். புதிய சுருளின் அருகில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். வலுவைப் பொறுத்தவரை, நரம்பை விரல் நகத்தின் மேல் இழுத்துப் பாருங்கள். சொரசொரப்பு தட்டினாலும், உலோக வளையத்தின் முடிச்சுக்கு மேலே நரம்பு வெளிறியிருந்தாலும் அன்றே வெட்டி, கரையில் எறியாமல் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிடுங்கள். கரையில் விட்ட நைலான் மக்காது, பறவைகளின் காலில் சுற்றிக்கொள்ளும். மீதமுள்ள சுருளை வெளிச்சம் படாத பெட்டியில் வைத்தால் அடுத்த குளிர்காலத்துக்கும் பயன்படும்.